மட்டக்களப்பிலிருந்து மலைக்கு: நடைக்குழுவோடு ஒரு வார இறுதி – முழுமையான வழிகாட்டி

கல்லடிக் கடற்கரையில் தினமும் காலையில் ஐந்து கிலோமீற்றர் நடக்கிறவர்களைத்தான் எங்கள் நடைக்குழு முதன்முதலில் கண்டிப் பக்கத்து நக்கிள்ஸ் மலைக்குக் கூட்டிப்போனது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். இறங்கும்போதுதான் நாலு பேருக்கு முழங்கால் பூட்டிக்கொண்டது. பிற்பகல் இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டியவர்கள் இருட்டிய பிறகு டோர்ச் வெளிச்சத்தில் வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு புதியவர்களைக் கூட்டிப்போன ஒவ்வொரு தடவையும் அதே இடங்களில்தான் சறுக்கல் நடந்தது. வாவியும் வயலும் கடலும் பார்த்து வளர்ந்த நமக்கு மலை ஏறுவதல்ல, இறங்குவதுதான் வில்லங்கம். கீழே உள்ள ஒழுங்கு முழுக்க அதை மனதில் வைத்துப் போட்டது. ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் தேதி, பிறகுதான் மலை

பெரும்பாலானவர்கள் படம் பார்த்து மலையைத் தெரிவு செய்துவிட்டு, லீவு கிடைக்கிற தேதியில் போகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். நக்கிள்ஸ் தொடரின் கிழக்குச் சரிவு நமக்குப் பெய்கிற வாடை மழையையே வாங்குகிறது. நவம்பர் தொடங்கி ஜனவரி வரை ஊரில் வெள்ளம் என்றால் அங்கே பாதை சேறு, ஓடை பெருக்கு. அந்த மாதங்களை மறந்துவிடுங்கள்.

பெப்ரவரி கடைசியும் மார்ச்சும் நல்ல காலம். ஏப்ரலில் காலை தெளிவாக இருக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். ஒக்டோபரும் அப்படித்தான். ஊரில் கச்சான் காற்று அடிக்கிற ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் கிழக்குப் பக்கம் போகலாம். மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி இறங்கி, சூடாகி வருகிற காற்றுத்தான் நமக்குக் கச்சான். ஆகவே நாம் போகிற பக்கம் மழை குறைவு. ஆனால் கோபட்ஸ் கேப் போன்ற கணவாய்களில் அதே காற்று ஆளைத் தள்ளும். முகட்டில் விளிம்போரமாக நடக்கிற பாதைகளை அந்த மாதங்களில் நாங்கள் எடுப்பதில்லை.

போகிற கிழமையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்போடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழை மலைநாட்டில் எத்தனையோ சரிவுகளை உண்டாக்கியது. பழைய வரைபடத்தில் இருக்கிற பாதை இன்றும் இருக்கும் என்று நம்பிப் போகாமல், அந்த ஊரில் ஒருவரிடம் போனில் கேட்டுவிட்டே நாளைக் குறியுங்கள்.

2. எத்தனை பேர், யார் யார்

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் ஒற்றையடிப் பாதையில் முன்னவருக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் அரை மணி நேர இடைவெளி விழுந்துவிடும். புதியவர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு புதியவர் பக்கத்திலும் பழகிய ஒருவர் நடக்க வேண்டும்.

சீனி வருத்தம், பிரஷர், ஈளை இருப்பவர்கள் வரக்கூடாது என்றில்லை. வைத்தியரிடம் கேட்டுவிட்டு, குழுத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரட்டும். மறைப்பதுதான் ஆபத்து. வெட்கத்தில் சொல்லாமல் வந்த ஒருவர் நடுவழியில் கை நடுங்கி உட்கார்ந்தபோது, அவர் பையில் இனிப்பு இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

3. மலையில்லாத ஊரில் ஆறு கிழமைப் பயிற்சி

மட்டமான தெருவில் எத்தனை மைல் நடந்தாலும் தொடையின் முன்தசை இறங்குவதற்குப் பழகாது. இறங்கும்போது அந்தத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை அந்த வேலையில் கெதியாய்க் களைத்துவிடும். களைத்த பிறகு பாரம் முழுக்க முழங்காலில் விழும். ஆகவே படிக்கட்டுத்தான் நமக்கு மலை.

மூன்று மாடிக்குக் குறையாத ஏதாவது கட்டடத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கிழமைக்கு மூன்று நாள், முதல் கிழமை பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். ஒவ்வொரு கிழமையும் ஐந்து கூட்டுங்கள். ஏறுவது எப்படியும் இருக்கட்டும், இறங்குவதை மெதுவாக, சத்தமில்லாமல் செய்யுங்கள். பாதம் ‘டப்’ என்று விழுந்தால் தசை வேலை செய்யவில்லை, மூட்டுத்தான் அடி வாங்குகிறது என்று அர்த்தம்.

மற்ற நாட்களில் கல்லடிக் கரையில் இளகிய மணலில் நடங்கள். கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் பலப்படும். தண்ணீரோரம் இறுகிய மணலில் நடந்தால் சுகமாக இருக்கும், பயன் குறைவு.

மூன்றாம் கிழமையிலிருந்து முதுகில் பாரம் ஏற்றுங்கள். ஒன்றரை லீற்றர் போத்தல் நான்கில் தண்ணீர் நிரப்பிப் பைக்குள் வைத்தால் ஆறு கிலோ. கல்லும் அரிசியும் வைக்காமல் தண்ணீர் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முழங்கால் நோகத் தொடங்கினால் ஊற்றிவிட்டு இறங்கலாம்.

இந்தப் படிக்குப் பஞ்சிப்படுகிறவர்கள் அதிகம். ‘நான் தினமும் நடக்கிறவன்தானே’ என்பார்கள். அவர்களை நாங்கள் அடுத்த பயணத்துக்குத் தள்ளிவைக்கிறோம். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, பரவாயில்லை.

4. குடும்பிமலையில் ஒத்திகை

போவதற்கு இரண்டு கிழமை முன்பு குடும்பிமலைக்கு ஒரு நாள் போய்வாருங்கள். தொப்பிகல என்று மற்றவர்கள் சொல்வதும் அதுதான். கிரானிலிருந்து மேற்கே உள்ளே போக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 534 மீற்றர். நம் மாவட்டத்தில் ஏறி இறங்கிப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வழியில் யானை நடமாட்டம் உண்டு, ஆகவே விடிந்த பிறகு போய்ப் பகலிலேயே திரும்புங்கள். அன்றைய நிலைமையைக் கிரானில் விசாரித்துக்கொண்டு உள்ளே போவது நல்லது.

பயணத்தன்று போடப்போகிற அதே சப்பாத்து, அதே காலுறை, அதே பை, அதே பாரம். ஒத்திகை என்பது உடம்புக்கு மட்டுமல்ல. எந்த வார் தோளை வெட்டுகிறது, எந்த விரல் கொப்பளிக்கிறது என்பதெல்லாம் இங்கே தெரிந்துவிட வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு பாறை சுடத் தொடங்கும், அதற்குள் மேலே போய்விடுங்கள்.

குழுத் தலைவர் இங்கே ஒரு கணக்கு எடுக்க வேண்டும்: ஆகப் பின்னால் வந்தவர் ஏற எடுத்த நேரம், இறங்க எடுத்த நேரம். அடுத்த நாள் எல்லோரிடமும் போனில் கேளுங்கள், கதிரையிலிருந்து எழும்ப முடிகிறதா என்று. முடியாதவர் இன்னும் நாலு கிழமை படி ஏறட்டும்.

5. சப்பாத்தும் பையும்

சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும். இறங்கும்போது பாதம் முன்னுக்கு வழுக்கி, நகம் சப்பாத்தின் நுனியில் இடிக்கும். புறப்பட இரண்டு நாள் முன்பே நகம் வெட்டிக்கொள்ளுங்கள். புதுச் சப்பாத்து கூடவே கூடாது. அதைவிட மோசம் பழைய புதுச் சப்பாத்து. வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பி, நாலு வருசம் அலுமாரியில் படுத்துக்கிடந்தது. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் அடியை ஒட்டிய பசை உக்கிப்போகும். பார்க்கப் புதிது போலிருக்கும், மூன்றாவது கிலோமீற்றரில் அடி வாயைப் பிளக்கும். என் சப்பாத்தே அப்படிப் பிளந்து, மீதி வழியை நைலோன் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தேன். அந்தக் கயிறு இன்றைக்கும் என் பையில் இருக்கிறது.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் இரண்டு மடங்கு பாரம், காயவும் காயாது. விளையாட்டுக்குப் போடுகிற நைலோன் காற்சட்டையும் ஜேர்சியும் போதும். மேலே போட ஒரு தடித்த ஜேக்கட் கட்டாயம். உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். ஊரில் 30 என்றால் 1500 மீற்றரில் 20. கேட்க இதமாக இருக்கும். நனைந்த உடம்பில் காற்று அடித்தால் அந்த இருபதே பல்லைக் கிடுகிடுக்க வைக்கும். வெயில் நமக்குப் பழக்கம், குளிர் பழக்கமில்லை என்பதை ஞாபகம் வையுங்கள்.

பைக்கு வெளியே உறை போடுவதைவிட உள்ளே ஒரு பெரிய பொலித்தீன் பையை வைத்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து முறுக்கிக் கட்டுவது நல்லது. வெளி உறை முட்கொடியில் கிழிந்துவிடும், முதுகுப் பக்கத்தால் தண்ணீரும் இறங்கும்.

இனி வைக்க வேண்டியவை: தலையில் மாட்டுகிற டோர்ச், மாற்றுப் பட்டரி, விசில், மழை அங்கி, மாற்றுக் காலுறை இரண்டு சோடி, ஒரு சாரம். சாரம் என்றதும் சிரிப்பார்கள். உடை மாற்ற, போர்த்திக்கொள்ள, கையை முறித்துக்கொண்டவருக்குத் தொட்டில் கட்ட, எல்லாவற்றுக்கும் அது உதவும். குடை வேண்டாம்.

மொத்தப் பாரம் ஏழு கிலோவைத் தாண்டினால் பையைத் திறந்து பாருங்கள். இரண்டாவது சவர்க்காரம், மூன்றாவது டீசேர்ட், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கும்.

6. தண்ணீரும் சாப்பாடும்

ஆளுக்கு மூன்று லீற்றர். ஓடைத் தண்ணீர் கண்ணாடி போலத் தெரிந்தாலும் கொதிக்கவைக்காமலோ குளோரின் குளிசை போடாமலோ குடிக்காதீர்கள். மேலே மாடு மேய்கிறதா, எலி ஓடியதா என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. ஆளுக்கு இரண்டு பக்கெட் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு, சீனித் தூள்) வையுங்கள். ஒரு பக்கெட்டை ஒரு லீற்றரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அரை லீற்றரில் ‘ஸ்ட்ரோங்காக’ கரைத்தால் உப்புக் கூடித் தாகம்தான் ஏறும்.

தாகம் எடுத்த பிறகு குடிப்பதல்ல, அரை மணிக்கொரு தடவை நாலு மிடறு. குளிரில் தாகம் தெரியாது, வியர்வை மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

காலையில் புட்டை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினால் முதல் ஏற்றத்திலேயே நெஞ்சு கரிக்கும். இரண்டு இடியப்பம், ஒரு வாழைப்பழம், தேநீர் போதும். வழியில் கச்சான், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், கருப்பட்டி என்று சட்டைப் பையிலிருந்தே எடுத்துத் தின்னக்கூடியவை. பையைத் திறந்து எடுக்க வேண்டிய சாப்பாட்டை யாரும் நேரத்துக்குத் தின்பதில்லை, இது நான் கண்ட உண்மை.

மதியத்துக்கு வாழையிலையில் கட்டிய சோறு நல்லதுதான், ஆனால் தேங்காய்ப்பால் கறி பத்து மணிக்கே புளித்துவிடும். வறுத்த கருவாடு, பருப்பு, மாசிச் சம்பல் தாங்கும்.

7. அனுமதி, வழிகாட்டி, தங்குமிடம், வாகனம்

நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும். கூடாரம் அடிப்பதற்குத் தனி அனுமதி. எந்தப் பாதை, எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். சில பாதைகளுக்கு வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். விட்டாலும் கூட்டிப்போங்கள். மூடுபனி இறங்கினால் புல்வெளியில் ஐந்து மாட்டுப் பாதைகளும் ஒரே மாதிரித் தெரியும். நெருப்பு மூட்டக் கூடாது, காய்ந்த புல் பற்றினால் அணைக்க ஆள் இல்லை.

வழிகாட்டிகள் சிங்களத்தில்தான் கதைப்பார்கள். குழுவில் சிங்களம் தெரிந்த ஒருவர் முன்னால் நடக்கட்டும். மற்றவர்கள் ‘ஹெமின்’ என்றால் மெதுவாக, ‘வதுர’ என்றால் தண்ணீர் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். ‘லங்காய்’ என்றால் கிட்டத்தான் என்று பொருள். மலைக் கிராமத்து மனிதர் ‘லங்காய்’ என்றால் நமக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

பணம் பேசும்போது எத்தனை மணி நேரம், சாப்பாடு யாருடையது என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். இறங்கிவந்த பிறகு பேசுவது இரண்டு பக்கத்துக்கும் கசப்பு.

வாகனத்துக்கு மலைவளைவில் ஓட்டிப் பழகிய சாரதி வேண்டும். ஊருக்குள் நன்றாக ஓட்டுகிறவர், இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து சூடேற்றிவிடுவார். தாழ்ந்த கியரில் இறக்கத் தெரிந்தவரா என்று கேளுங்கள். நக்கிள்ஸுக்குள் இருக்கிற மீமுரேக் கிராமத்துப் பக்கம் போகிற வழி ஒடுக்கம். பெரிய பஸ்ஸை நம்பிப் போக வேண்டாம், வான்தான் சரி.

8. பயண ஒழுங்கு: பெரிய நடை சனிக்கிழமையே

சனி காலை புறப்பட்டு, ஞாயிறு மலை ஏறி, அன்றிரவே வீடு வருவது என்றுதான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். இதைப் போலப் பிழையான திட்டம் வேறில்லை. ஞாயிறு ஒரு மணி நேரம் தாமதித்தால் அதை ஈடுசெய்ய நாளே மிச்சமில்லை. களைத்த சாரதி மலைவளைவில் இருட்டில் இறங்க வேண்டும், அதற்குப் பிறகு யானை கடக்கிற மகாஓயாப் பாதை இருக்கிறது.

நாங்கள் வெள்ளி பிற்பகல் புறப்படுகிறோம். காத்தான்குடி, ஏறாவூர் நண்பர்கள் ஜும்மா முடித்து வந்ததும் இரண்டு மணிக்கு வான் கிளம்பும். செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, மகாஓயா, பதியத்தலாவை வழியாக மகியங்கனை. வெளிச்சம் இருக்கும்போதே காட்டுப் பாதையைத் தாண்டிவிடலாம். இரவு மகியங்கனையிலோ ஹசலகவிலோ தூக்கம். ஒன்பது மணிக்கு விளக்கு அணைய வேண்டும். ‘இண்டைக்குத்தானே எல்லாரும் சேர்ந்தம்’ என்று நடுச்சாமம் வரை கதைப்பவர்கள்தான் மறுநாள் பத்து மணிக்கு வாந்தி எடுப்பவர்கள்.

சனி விடிய முன்பே 18 வளைவுப் பாதையால் ஏறி, ஹுன்னஸ்கிரியவில் திரும்பி உள்ளே போகிறோம். வளைவில் தலைசுற்றுகிறவர்கள் முன் ஆசனத்தில் இருக்கட்டும். அன்று பெரிய நடை, இரவு கிராமத்து வீடொன்றில் தங்கல். ஞாயிறு காலை ஓடைக்கரையில் ஒரு சின்ன நடை, பத்து மணிக்குப் புறப்பாடு. சனிக்கிழமை மழை கெடுத்தாலும் ஞாயிறு காலை கையில் மிச்சம் இருக்கிறது.

9. நேரக் கணக்கும் ‘கிறுகுற நேரமும்’

நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். போய்வர 12 கிலோமீற்றர், ஏற்றம் 900 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, மொத்தம் 3 மணி 54 நிமிடம்.

அது பழகிய மனிதருக்கு. நம் குழுவுக்கு இரண்டால் பெருக்குங்கள், ஓய்வோடு சேர்த்து எட்டு மணி நேரம். காலை ஆறுக்கு நடை தொடங்கினால் பிற்பகல் இரண்டுக்குக் கீழே. பின்னேர இடிமழைக்கு முன்பு இறங்கிவிட அதுவே சரி. மரங்களுக்குள் ஐந்தரைக்கே இருட்டிவிடும் என்பதால் மிச்சம் மூன்றரை மணி நேரம்தான் கையிருப்பு.

இப்போது முக்கியமானது. புறப்பட முன்பே எல்லோர் முன்னிலையிலும் ஒரு நேரத்தைச் சொல்லிவிட வேண்டும்: பத்தரைக்கு எங்கே நின்றாலும் திரும்புகிறோம். எங்கள் குழுவில் இதற்குக் கிறுகுற நேரம் என்று பெயர். மேலே நின்றுகொண்டு முடிவெடுக்கக் கூடாது. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது புத்தி வேலை செய்யாது. ‘இன்னும் கொஞ்சந்தானே, மறுகா கிறுகுவம்’ என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்தக் கொஞ்சம் எப்போதும் முக்கால் மணி நேரம்.

நான் தலைவராகப் போன பயணங்களில் உச்சிக்குப் போகாமல் திரும்பியவையும் உண்டு. ஒரு தடவை ஒருவர் ஊர் வரும்வரை என்னோடு கதைக்கவில்லை. அடுத்த வருசம் அவரே தலைவராகப் போனார், பத்தரைக்கு அவரும் திரும்பினார்.

10. ஏறும்போது

முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் கதைக்க முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகம் கூடிப்போய்விட்டது. இளைஞர்கள் தொடக்கத்தில் ஓடி, மரநிழலில் காத்திருந்து, கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் எழும்பி மறுபடி ஓடுவார்கள். அதனால் ஓய்வு தேவையான ஆளுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, அவர் ‘சரி, போகலாம்’ என்ற பிறகே நகர வேண்டும்.

ஆக மெதுவானவரை வழிகாட்டிக்குப் பின்னால் இரண்டாவதாக விடுங்கள். வரிசை அவர் வேகத்துக்கு வந்துவிடும். கடைசியில் பழகிய ஒருவர், கையில் விசிலும் முதலுதவிப் பையும். அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. ஒதுங்கப் போகிறவர் பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போனால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று கடைசி ஆளுக்குத் தெரியும்.

பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று எண்ணுங்கள். ஒரு தடவை எண்ணாமல் விட்டோம். இரண்டு பேர் இடது பக்கப் பாதையில் நாற்பது நிமிடம் நடந்துவிட்டார்கள். போன் அடிக்கவில்லை, விசில்தான் கூட்டிவந்தது.

11. அட்டை, மழை, மின்னல்

அட்டைக்குப் பயந்து வராமல் விட்டவர்கள் உண்டு. வலிக்காது. அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால்தான் விழுந்த பிறகும் சிவப்பாக வடிகிறது. காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, காலுறைமீது சவர்க்காரத்தை ஈரமாகத் தேயுங்கள். சித்தாலேபத் தைலமும் பூசலாம். மழையில் கழுவுப்பட்டுப் போகும், மறுபடி பூச வேண்டும். ஏறிவிட்டால் பிடுங்காதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். நகத்தை அதன் வாய்க்கடியில் செருகித் தள்ளினால் விழும். கடிவாயைக் கழுவி அழுத்திப் பிடியுங்கள்.

இடி கேட்டால் முகட்டிலும் திறந்த புல்வெளியிலும் நிற்கக் கூடாது, தனிமரத்தின் கீழும் கூடாது. உடனே இறங்குங்கள். ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு இறங்குங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கூடி நின்றால் ஒரே மின்னலில் எல்லோருக்கும் அடி.

ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் முழங்காலுக்கு மேல் என்றால் கடக்க வேண்டாம். மேலே பெய்த மழை அரை மணியில் வடியவும் கூடும், பெருகவும் கூடும். காத்திருங்கள். வாவியில் நீந்தி வளர்ந்த தைரியம் மலை ஓடையில் செல்லாது, அங்கே ஆளை வீழ்த்துவது ஆழமல்ல, இழுவை.

12. இறங்கும்போது

உச்சியிலிருந்து புறப்பட முன் மூன்று வேலை: சப்பாத்து நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்குங்கள், குடிக்கத் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத் தண்ணீரை ஊற்றுங்கள், ஆளுக்கொரு கம்பு எடுங்கள். விழுந்துகிடக்கிற கம்பு, வெட்டிய கம்பு அல்ல.

காலடியைச் சின்னதாக வையுங்கள். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்தே இருக்கட்டும். சறுக்கும் இடத்தில் பயத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்ப்போம். அதுதான் வழுக்குவதற்குக் காரணம். பாரம் பாதத்துக்கு நேர் மேலே இருந்தால்தான் அடி பிடிக்கும். நேரே இறங்க முடியாத இடத்தில் குறுக்குமறுக்காக இறங்குங்கள். ஈரவேரில் மிதிக்காமல் தாண்டுங்கள்.

ஏறும்போது முக்கால் மணிக்கொரு ஓய்வு என்றால் இறங்கும்போது அரை மணிக்கொன்று. யாருக்கும் களைப்புத் தெரியாது, அதனால் நிறுத்த மாட்டார்கள். காலுக்குள் கொப்புளம் வரப்போகிற சூடு தெரிந்தால் அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கீழே போய்ப் பார்ப்போம் என்று விட்டால் கீழே போய்த் தோலைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் கணுக்கால் புரண்டவை அனைத்தும் கடைசி ஒரு கிலோமீற்றரில்தான். நம் வாகனம் தெரிந்ததும் கண் பாதையை விட்டுவிடுகிறது.

13. ஏதாவது நடந்துவிட்டால்

மலைக்குள் போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவைத்து, போனை ‘ஃப்ளைட் மோட்’டில் போட்டுவிடுங்கள். சிக்னல் தேடித்தேடியே பட்டரி தீரும். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தாள் ஒன்றையும் பொலித்தீன் பையில் வைத்துக் கொண்டுபோகலாம்.

ஊரில் ஒருவரிடம் பாதை, ஆட்களின் பெயர்ப் பட்டியல், வழிகாட்டியின் எண், திரும்பும் நேரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மாலை ஆறுக்குள் அழைப்பு வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

ஒருவர் நடக்க முடியாமல் போனால் அவரோடு இருவர் நிற்க வேண்டும், இருவர் சேர்ந்து உதவிக்கு இறங்க வேண்டும். தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். நடக்க முடியாதவரின் ஈர உடையை முதலில் மாற்றுங்கள், நிலத்தில் பையை விரித்து அதன்மேல் இருத்துங்கள். உதவி கேட்க விசில் மூன்று தடவை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி மூன்று. இதை வாகனத்தில் போகும்போதே எல்லோருக்கும் ஊதிக் காட்டிவிடுங்கள், சாரதி கத்தினாலும் பரவாயில்லை.

14. ஞாயிறு திரும்பும் வழி

பத்து மணிக்கு வான் புறப்பட வேண்டும். குப்பையை எண்ணிப் பையில் கட்டி ஊருக்கே கொண்டுவாருங்கள், கிராமத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். அவர்களுக்கும் அதைக் கொண்டுபோக இடமில்லை.

மதியச் சாப்பாடு மகியங்கனையில். அதற்குப் பிறகு எல்லோரும் தூங்குவார்கள், சாரதிக்குப் பக்கத்தில் இருப்பவர் மட்டும் தூங்கக் கூடாது. மகாஓயா வெந்நீர் ஊற்றில் அரை மணி நேரம் நிறுத்துவது எங்கள் வழக்கம். வாளியால் அள்ளித் தொடையில் ஊற்றிக்கொண்டு, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சத்தியம் பண்ணுவார்கள். நாலு மணிக்கு அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், செங்கலடி வரும்வரை வெளிச்சம் வேண்டும். திங்களும் செவ்வாயும் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்க வேண்டி வரும். புதன்கிழமைக்குள் சரியாகாத முழங்காலை வைத்தியரிடம் காட்டுங்கள்.